குறை கண்டுபிடிப்பவருக்கே கூலி கொடுங்கள்

வீடு கட்டும்போது எமது பெண்கள் கவனிக்காத விடயம் எதுவுமில்லை. குசினி ஜன்னல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும், மழைத்தண்ணீர் எந்த வழியால் ஓட வேண்டும், படிக்கட்டின் உயரம் உம்மாவின் முழங்காலுக்கு ஏற்றதா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மேசன்பாஸ் ஒழுங்காகச் செய்யாவிட்டால் உடைத்துவிட்டு மறுபடியும் கட்டச் சொல்லும் துணிவும் அவர்களுக்கு உண்டு. அதே குடும்பத்துக்குப் பட்டணத்தில் மூன்று மாடிக் கடைக் கட்டடம் ஒன்றும் இருக்கும். கீழே புடவைக் கடை, நடுவில் ஒரு காரியாலயம், மேலே ஒரு சாப்பாட்டுக் கடை. அந்தக் கட்டடத்தைப் பற்றி வீட்டில் கேட்கப்படும் ஒரே கேள்வி, "இந்த மாத வாடகை வந்துவிட்டதா?" என்பதுதான்.

கடைக் கட்டடம் ஆண்களின் விடயம் என்று நாம் பழகிவிட்டோம். உறுதியை எடுத்துப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கும். வாப்பாவின் மௌத்துக்குப் பின் பங்கு பிரித்தபோது மகள்மாரின் பெயர்களும் அதில் ஏறியிருக்கும். சில கட்டடங்கள் முழுமையாகவே மனைவியின் பெயரில் இருக்கும். வாடகையில் பங்கு உண்டென்றால் பொறுப்பிலும் பங்கு உண்டு. அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் மாலையில் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பது அந்தப் பொறுப்பில் முதலாவதாகும்.

இந்தக் கட்டுரை அப்படியொரு கட்டடத்தின் தீயணைப்பு ஏற்பாடுகளைப் பார்ப்பதற்குப் பரிசோதகர் ஒருவரை எவ்வாறு அமர்த்துவது என்பது பற்றியது. இயந்திர அறிவு இல்லாதவர்களும் விளங்கிக்கொள்ளக்கூடிய விடயம்தான் இது. ஒரு நல்ல வைத்தியரைத் தெரிவு செய்யும் நிதானமும், மீன்காரரிடம் செவுளைத் தூக்கிப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் போதுமானது.

சான்றிதழ் இருந்தது

2012ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 11ஆம் திகதி பாகிஸ்தானின் கராச்சி நகரில், பல்தியா டவுன் என்னும் பகுதியிலிருந்த அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தீ என்று 2020ஆம் ஆண்டு அந்நாட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்து இருவருக்கு மரண தண்டனை விதித்தது. ஆனாலும் இத்தனை பேர் சாவதற்குத் தீ மட்டும் காரணமாக இருக்கவில்லை. வெளியேறும் வாசல்கள் பூட்டப்பட்டிருந்தன. ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி அடிக்கப்பட்டிருந்தது.

இதில் மனத்தை உறுத்தும் விடயம் இன்னொன்று உண்டு. அந்தத் தொழிற்சாலை எரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், தொழிலாளர் நலனும் பாதுகாப்பும் சரியாக உள்ளன என்று சர்வதேசச் சான்றிதழ் ஒன்று அதற்கு வழங்கப்பட்டிருந்தது. யாரோ வந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள், முத்திரை குத்தினார்கள். கம்பி அடித்த ஜன்னலும் பூட்டிய கதவும் அந்த முத்திரையினால் திறக்கவில்லை.

இதற்கு அடுத்த வருடம், 2013 ஏப்ரல் 24ஆம் திகதி, பங்களாதேஷில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் அதிகமானோர் இறந்தனர். அதன் பின்னர் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பொறியியலாளர்கள் பரிசோதித்தார்கள். இங்கே இரண்டு விடயங்கள் மாற்றப்பட்டன. பரிசோதகரைத் தெரிவு செய்தவரும் அவருக்குச் சம்பளம் கொடுத்தவரும் தொழிற்சாலை முதலாளி அல்லர். பரிசோதனை அறிக்கையும் மேசை லாச்சிக்குள் போகவில்லை. எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. அதன் பிறகுதான் வருடக்கணக்காகக் கண்ணில் படாத குறைகளெல்லாம் கண்ணில் பட்டன.

எமது சிறிய கட்டடத்தில் முதலாளியும் நாமே, பரிசோதகரை அமர்த்துபவரும் நாமே. அப்படியானால் எமது மனத்தில் ஒரு தீர்மானம் வேண்டும். "எல்லாம் சரி" என்று எழுதித் தருபவரைத் தேடுகிறோமா, எது சரியில்லை என்று சொல்பவரைத் தேடுகிறோமா? முன்னவர் மலிவாகக் கிடைப்பார். கட்டடத்தைக் காப்பாற்றுபவர் பின்னவரே.

கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது?

பரிசோதகரைத் தேடுமுன் எமது கட்டடத்தில் என்னென்ன ஏற்பாடுகள் உள்ளன என்று தெரிந்திருக்க வேண்டும். சுவரில் தொங்கும் சிவப்பு உருளை எல்லோருக்கும் தெரியும். சற்றுப் பெரிய கட்டடங்களில் அதற்கு மேலும் சில உண்டு.

முதலாவது, கூரையில் வரிசையாகத் தெரியும் ஸ்பிரிங்லர் என்னும் நீர் தெளிப்பான்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கும். அதனுள்ளே நிறமுள்ள திரவம். சிவப்பு நிறமென்றால் ஏறக்குறைய 68 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அந்தக் குமிழ் வெடிக்கும். பின்னால் காத்திருக்கும் தண்ணீர் கொட்டும். புகைக்கு அது திறக்காது. ஒன்று திறந்தால் எல்லாம் திறந்து கடை முழுவதும் நனைந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. சினிமாப் படங்களில் அப்படிக் காட்டுவதுண்டு. வழமையான அமைப்பில் வெப்பம் தாக்கிய குமிழ் மட்டுமே வெடிக்கும். ஆரம்பத்திலேயே ஒன்றிரண்டு திறந்து தீயை அடக்கிவிடுவதுதான் அதன் நோக்கம்.

இரண்டாவது, தண்ணீர்த் தாங்கியும் பம்புகளும். நல்ல அமைப்பில் மூன்று பம்புகள் இருக்கும். குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சிறிய பம்பு ஒன்று, மின்சாரத்தில் ஓடும் பெரியது ஒன்று, மின்சாரம் இல்லாதபோது ஓடுவதற்கு டீசல் பம்பு ஒன்று. 2022ஆம் ஆண்டு எமது நாட்டில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் 13 மணித்தியாலம் வரை நீண்டதையும், டீசலுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த நாட்களில் உங்கள் தீயணைப்புப் பம்பின் தாங்கியில் டீசல் இருந்ததா, அல்லது ஜெனரேட்டருக்கு மாற்றப்பட்டதா? இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா?

மூன்றாவது, சுவரில் சுற்றி வைத்திருக்கும் தீயணைப்புக் குழாய்.

நான்காவது, சாப்பாட்டுக் கடை இருந்தால் அடுப்புக்கு மேலே பொருத்தப்படும் தனி அமைப்பு. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ மேலெழுந்து பரவும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் அங்கே ஒரு வகை இரசாயனத் திரவம் தெளிக்கப்படும். சூடான எண்ணெயுடன் சேர்ந்து அது சவர்க்காரம் போன்ற படையாகி எண்ணெயை மூடிவிடும்.

ஐந்தாவது, மின்சார அறை, கணினி அறை போன்றவற்றில் வைக்கப்படும் வாயு சிலிண்டர்கள். இதில் கரியமில வாயு நிரப்பப்பட்டிருந்தால் கவனம் தேவை. தீயை அணைக்கும் அளவுக்கு அது அறையில் நிரம்பினால் உள்ளே இருக்கும் மனிதரின் உயிரையும் எடுத்துவிடும். மிகப் பழைய கட்டடமென்றால் ஹாலோன் என்னும் வாயு இருக்கவும் கூடும். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அதன் உற்பத்தி கைவிடப்பட்டது. அப்படியொரு சிலிண்டர் இருப்பது தெரிந்தால் மாற்று ஏற்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நான்கு ஆட்கள், நான்கு வேலைகள்

இவ்விடயத்தில் எமது குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நான்கு விதமான ஆட்களை நாம் ஒரே ஆளாக நினைத்துக்கொள்கிறோம்.

சாமான் விற்றுப் பொருத்துபவர் ஒருவர். மாதாமாதம் வந்து எண்ணெய் விட்டு, துடைத்து, பழுது பார்ப்பவர் இன்னொருவர். எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதுபவர் பரிசோதகர். மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவிலிருந்தோ வேறு அரச அதிகாரசபையிலிருந்தோ வருபவர் அதிகாரி.

சாமான் விற்பவரே பரிசோதகராகவும் வந்தால் என்ன நடக்கும்? தான் பொருத்தியது பிழை என்று அவர் எழுதுவது கடினம். அல்லது, நன்றாக இருப்பதைக் கெட்டுவிட்டது என்று சொல்லி இன்னொன்றை விற்கும் ஆசை வரலாம். அவர் நேர்மையான மனிதராக இருக்கலாம். ஆயினும் அந்த இடத்தில் அவரை வைப்பது அவருக்கும் சோதனை, எமக்கும் நட்டம். கணக்கு எழுதும் பிள்ளையே கணக்குப் பரிசோதகராக இருக்கக்கூடாது என்று பள்ளிவாசல் நிர்வாகத்தில்கூட ஒத்துக்கொள்கிறோம். அதே நியாயம் இங்கும் பொருந்தும்.

அதிகாரி வந்து போனார் என்பதும் போதாது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி பெறும்போதும், கட்டி முடிந்து இணக்கச் சான்றிதழ் பெறும்போதும் நகர அபிவிருத்தி அதிகாரசபையினதும் உள்ளூராட்சி மன்றத்தினதும் விதிகளின்படி தீப் பாதுகாப்பு பார்க்கப்படுகிறது. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை வெளியிட்ட தீப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் உண்டு. இவை அவசியமானவை. ஆனால் கட்டி முடித்த நாளில் ஓடிய பம்பு பத்து வருடங்களுக்குப் பின்னும் ஓடும் என்று எந்தச் சான்றிதழும் உத்தரவாதம் தராது. பிள்ளை பிறந்தபோது நிறை சரியாக இருந்தது என்பதற்காகப் பத்து வயதில் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் காட்டாமல் விடுகிறோமா?

அமர்த்துமுன் கேட்க வேண்டியவை

பரிசோதகராக வர விரும்பும் ஒருவரிடமோ நிறுவனத்திடமோ பின்வரும் கேள்விகளைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

ஒன்று: நீங்கள் எந்த நியமத்தின்படி பரிசோதிப்பீர்கள்? உலகில் பரவலாகப் பயன்படும் நியமங்களில் ஒன்று, 1896ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 25ஆம் இலக்க நியமம். என்.எப்.பீ.ஏ. 25 என்பார்கள். தண்ணீரில் இயங்கும் தீயணைப்பு ஏற்பாடுகளை வாரத்தில், மாதத்தில், வருடத்தில், ஐந்து வருடத்தில் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அது அட்டவணைப்படுத்துகிறது. பிரித்தானிய நியமங்களையும் சிலர் பின்பற்றுவர். எதுவானாலும் பெயர் சொல்ல வேண்டும். "எங்களுக்கு அனுபவம் இருக்கிறது, பார்த்தாலே தெரியும்" என்ற பதில் போதாது.

இரண்டு: உங்கள் தகைமை என்ன? பொறியியலாளர் என்றால் பதிவு இலக்கம் கேளுங்கள். பொறியியலாளர்களைப் பதிவு செய்வதற்கு எமது நாட்டில் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் உண்டு. தீயணைப்புத் துறையில் தனியாகப் பயின்ற சான்று உண்டா என்றும் கேளுங்கள். தீயணைப்புப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்றால் நல்லது. ஆனால் தீயை அணைக்கும் அனுபவம் வேறு, பம்பையும் குழாயையும் பரிசோதிக்கும் அறிவு வேறு. இரண்டும் உண்டா என்று பாருங்கள்.

மூன்று: இந்தக் கட்டடத்துக்குச் சாமான் விற்றிருக்கிறீர்களா? இனிமேல் விற்கப் போகிறீர்களா? இரண்டுக்கும் "இல்லை" என்ற பதில் வந்தால் நல்லது.

நான்கு: கட்டடத்துக்கு யார் வருவார்? பேச வருபவர் கோட்டும் டையும் அணிந்த பொறியியலாளராக இருப்பார். வேலைக்கு வருபவர் நேற்றுச் சேர்ந்த பொடியனாக இருப்பார். வருபவரின் பெயரையும் தகைமையையும் முன்கூட்டியே கேளுங்கள்.

ஐந்து: வேறொரு கட்டடத்துக்கு எழுதிய அறிக்கையின் மாதிரியைக் காட்ட முடியுமா? பெயர்களை மறைத்துத் தந்தால் போதும். ஒவ்வொரு வரியிலும் "சரி", "சரி" என்று அடையாளம் மட்டும் இருக்கிறதா, அல்லது அழுத்தம் இவ்வளவு, இந்த வால்வு இந்த இடத்தில், இந்தப் படம் என்று எழுதப்பட்டிருக்கிறதா? இலக்கமும் படமும் உள்ள அறிக்கை எழுதுபவர் உண்மையில் ஏணியில் ஏறியவர்.

ஆறு: வேலையின்போது ஏதாவது உடைந்தால், தண்ணீர் கொட்டிப் புடவை நனைந்தால் யார் பொறுப்பு? அதற்கான காப்புறுதி அவரிடம் இருக்கிறதா?

மூன்று பேரிடமாவது விலைமனு வாங்குங்கள். மிகக் குறைந்த விலை சொல்பவர் எத்தனை மணித்தியாலம் கட்டடத்தில் நிற்பார் என்று கேளுங்கள். மூன்று மாடிக் கட்டடத்தை அரை மணித்தியாலத்தில் பார்த்து முடிப்பவர் படியேறி இறங்குவதற்கு மட்டுமே காசு வாங்குகிறார்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

வாய்ப்பேச்சு நல்லதுதான். எழுத்து அதைவிட நல்லது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி பணிக்கப்பட்ட எமக்கு இதை வலியுறுத்தத் தேவையில்லை. எந்தெந்த ஏற்பாடுகள் பார்க்கப்படும், எவை இயக்கிப் பார்க்கப்படும், எத்தனை நாளில் அறிக்கை வரும், குறை திருத்திய பின் மறுபடி வந்து பார்ப்பாரா, அதற்குக் கட்டணம் வேறா என்பன எழுதப்பட வேண்டும். உயிராபத்தான குறை ஒன்றைக் கண்டால் அறிக்கை வரும்வரை காத்திராமல் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னுமொரு விடயம் முக்கியமானது. மேற்சொன்ன 25ஆம் இலக்க நியமப்படி செய்யும் பரிசோதனை, இருக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும். அந்த ஏற்பாடு இந்தக் கட்டடத்துக்குப் போதுமா என்பதைப் பார்க்காது. காரியாலயத்துக்கென்று கட்டிய மாடியில் இப்போது புடவைக் கட்டுகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தால், பழைய ஏற்பாடு ஒழுங்காக ஓடினாலும் போதாது.

2024ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் திகதி இரவு டாக்கா நகரின் பெய்லி வீதியில் ஒரு கட்டடம் எரிந்து 46 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் மாடிகளில் சாப்பாட்டுக் கடைகள் நிரம்பியிருந்தன. பிள்ளைகளோடு சாப்பிட வந்த குடும்பங்கள் மேலே இருந்தன. இருந்த ஒரே படிக்கட்டில் கேஸ் சிலிண்டர்கள் வைக்கப்பட்டிருந்தன. சாப்பாட்டுக் கடைகளுக்கு அங்கே அனுமதி இருக்கவில்லை என்று அதிகாரிகள் பின்னர் தெரிவித்தார்கள். தீயணைப்புப் படை முன்னரே எச்சரித்தும் இருந்தது. கட்டடத்தின் பாவனை மாறியது, பாதுகாப்பு மாறவில்லை. ஆகவே வாடகைக்காரர் மாறும்போதும், தொழில் மாறும்போதும், இடையில் சுவர் எழுப்பும்போதும், "இந்த ஏற்பாடு இன்னும் போதுமானதா?" என்ற கேள்விக்குப் பொறியியலாளர் ஒருவரிடம் தனியாகப் பதில் பெறுங்கள்.

பரிசோதனை நாளன்று

சகோதரிகளே, முடிந்தால் அன்று நீங்களும் போங்கள். தனியே போக விருப்பமில்லாவிட்டால் மகனையோ சகோதரனையோ கூட்டிக்கொண்டு போங்கள். உரிமையாளர் நின்று பார்க்கிறார் என்றால் வேலையின் தரம் தானாக உயரும். பார்க்க வேண்டியவை சில:

வால்வுகள் முழுமையாகத் திறந்திருக்கின்றனவா? தெளிப்பான் இருந்தும் வேலை செய்யாத தீ விபத்துக்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் தெரிய வந்த காரணம் ஏற்பாடு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தமையே. பழுது பார்க்க மூடியவர் திறக்க மறந்துவிட்டார். இலட்சக்கணக்கான ரூபா செலவில் செய்த ஏற்பாடு ஒரு திருகாணியில் தோற்றுவிடுகிறது. வால்வுக்குச் சங்கிலி போட்டுத் திறந்த நிலையில் பூட்டி வைப்பது நல்ல பழக்கம்.

தண்ணீரைத் திறந்து பார்க்கிறாரா? பிரதான குழாயின் அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறந்து, அழுத்தமானியில் முள் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து, சென்ற வருட இலக்கத்தோடு ஒப்பிட வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் எங்கோ அடைப்பு அல்லது மூடிய வால்வு இருக்கலாம். மிகத் தூரத்தில் உள்ள சோதனை வால்வைத் திறந்தால் சற்று நேரத்தில் அபாய மணி அடிக்க வேண்டும்.

பம்பை ஓட்டிப் பார்க்கிறாரா? சுவிட்சைப் போட்டுச் சத்தம் கேட்டவுடன் நிறுத்துவது பரிசோதனையல்ல. டீசல் பம்பை வாரந்தோறும் அரை மணித்தியாலம் ஓட்ட வேண்டும் என்கிறது அந்த நியமம். வருடத்தில் ஒரு தடவை முழு அளவில் தண்ணீரை வெளியேற்றி அளந்து பார்க்க வேண்டும். காவலாளி வாராந்தம் எழுதும் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பேனையில், ஒரே மூச்சில் எழுதிய 52 வரிகளை அடையாளம் காண உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிள்ளைகளின் வீட்டுப்பாடக் கொப்பி பார்த்த கண்களுக்கு அது உடனே தெரியும்.

தெளிப்பான்களை நிமிர்ந்து பார்க்கிறாரா? பெருநாளைக்குச் சுவருக்கு வர்ணம் அடித்தபோது தெளிப்பானுக்கும் சேர்த்து அடித்திருந்தால் அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அடுக்கிய சாமான்களுக்கும் தெளிப்பானுக்கும் இடையே குறைந்தது 18 அங்குல இடைவெளி வேண்டும். பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கு இறக்கிய பின் புடவைக் கடையில் இந்த இடைவெளி மறைந்துவிடும். ஆகவே கடை வெறுமையாக உள்ள மாதத்தில் அல்லாமல், நிரம்பியுள்ள மாதத்தில் பரிசோதகரைக் கூப்பிடுங்கள்.

சமையலறை ஏற்பாட்டை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். புகைக் கூண்டில் படிந்த எண்ணெய் அழுக்கையும் அதோடு பார்க்க வேண்டும். சிவப்பு உருளைகளில் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று மாதாமாதம் நாமே பார்க்கலாம். கரியமில வாயு உருளைக்கு முள் கிடையாது. அதை நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். நிறுக்காமலே புதிய துண்டு ஒட்டிச் செல்பவரிடம் கவனமாக இருங்கள்.

கடைசியாக, பூட்டிய கதவு. பின்கதவால் சாமான் களவு போகிறது என்று சொல்லிப் பூட்டி, திறப்பை முகாமையாளர் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். 1911ஆம் ஆண்டு நியூயோர்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர், பெரும்பாலும் இளம் பெண்கள், இறந்ததும் பூட்டிய கதவுக்குப் பின்னால்தான். தீயணைப்பு ஏற்பாட்டுக்கு மட்டும் அமர்த்தப்பட்டவராக இருந்தாலும் வாசல்களையும் படிக்கட்டையும் பார்த்துக் குறிப்பெழுதும்படி கேளுங்கள்.

அறிக்கை வந்த பிறகு

நல்ல அறிக்கை குறைகளை மூன்றாகப் பிரிக்கும். ஏற்பாடு வேலையே செய்யாத நிலை. வேலை செய்தாலும் தேவையான நேரத்தில் கைவிடக்கூடிய பாரதூரமான குறை. பெயர்ப்பலகை இல்லாமை போன்ற சிறு குறை. முதலாவது வகை இருந்தால் அன்றே திருத்த ஆரம்பிக்க வேண்டும். அதுவரை தீயணைப்புப் பிரிவுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்து, கட்டடத்தைச் சுற்றி வர ஆள் ஒருவரை நிறுத்த வேண்டும். காப்புறுதிப் பத்திரத்தின் சிறிய எழுத்துக்களையும் ஒரு தடவை வாசியுங்கள். தீயணைப்பு ஏற்பாடுகளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தால், நட்டஈடு கேட்கும் நாளில் அதைப் பற்றிய கேள்வி கட்டாயம் வரும்.

குறையே இல்லாத அறிக்கை கையில் கிடைத்தால் மகிழ்ச்சியடைய அவசரப்பட வேண்டாம். பழைய கட்டடம் ஒன்றில் ஒரு குறையும் இல்லையென்றால் "எதை, எப்படிப் பார்த்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். குறைகளை எழுதியவர் மீது கோபப்பட்டு அடுத்த வருடம் வேறொருவரை அமர்த்துவது, கண்ணாடியில் முகத்தில் கறை தெரிந்ததற்காகக் கண்ணாடியை மாற்றுவது போலாகும்.

செலவு யாருடையது?

இங்கேதான் குடும்பத்துக்குள் சண்டை வரும். வாடகைக்காரர் உரிமையாளரைக் காட்டுவார். உரிமையாளர்களில் மூத்த நானா, "எனக்கு மட்டுமா கட்டடம்?" என்பார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி பதிலே அனுப்பமாட்டார். ஒரு சுலபமான வழி உண்டு. வாடகையைப் பங்கு பிரிக்குமுன் மாதாமாதம் ஒரு சிறு தொகையை எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். பங்குக்கு ஏற்பச் செலவும் தானாகவே பிரிந்துவிடும். பொதுவான பம்பு, குழாய், தாங்கி ஆகியன உரிமையாளரின் பொறுப்பென்றும், கடைக்குள் உள்ள சமையலறை ஏற்பாடும் உருளைகளும் வாடகைக்காரரின் பொறுப்பென்றும், பரிசோதகர் வரும்போது கடையைத் திறந்துவிட வேண்டுமென்றும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசலுக்குச் சொந்தமான வக்பு கடைத் தொகுதிகளுக்கும் இது பொருந்தும். அங்கே உரிமையாளர் என்று ஒருவர் இல்லாததால் கேட்பதற்கும் ஆள் இல்லாமல் போகிறது. நிர்வாக சபையில் உங்கள் கணவரோ மகனோ இருந்தால் நீங்கள் கேளுங்கள்.

சிறிய கடைக்காரர்கள் என்ன செய்வது?

பம்பும் தெளிப்பானும் இல்லாத இரண்டு மாடிக் கடைகள்தான் எமது ஊர்களில் அதிகம். எல்லாப் பிரதேச சபைகளிடமும் தீயணைப்பு வண்டி கிடையாது. பக்கத்து நகரத்திலிருந்து வர நேரமாகும். அதனால் இவர்களுக்கே எச்சரிக்கை அதிகம் தேவை. தகுதியுள்ள மின்சாரத் தொழில்நுட்பவியலாளர் ஒருவரைக் கொண்டு வயர்களைப் பார்ப்பது, உருளைகளை வருடந்தோறும் பராமரிப்பது, படிக்கட்டில் எதையும் அடுக்காமல் இருப்பது, மாடியில் வேலை செய்பவர்களுக்கு இரண்டாவது வழி ஒன்றைக் காட்டிக் கொடுப்பது, இரவில் கடை மூடும்போது பிரதான சுவிட்சைப் பார்ப்பது ஆகியன பெரிய செலவில்லாதவை. படுக்கைக்குப் போகுமுன் விளக்கை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது வீட்டுக்கு மட்டுமன்று, கடைக்கும் பொருந்தும்.

இன்று இரவு சாப்பாட்டு மேசையில் வழமையான வாடகைக் கேள்வியோடு இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் கட்டடத்தின் பம்பைக் கடைசியாக யார் ஓட்டிப் பார்த்தார்? அவர் எழுதிய தாள் எங்கே? பின்கதவின் திறப்பு யாரிடம்? "நானா, பார்த்துச் சொல்லுங்க" என்று தங்கை கேட்டால் தட்டிவிடும் சகோதரர்கள் குறைவு. பதில் வராவிட்டால், பரிசோதகரை அமர்த்த வேண்டிய நாள் வந்துவிட்டது என்று அர்த்தம்.